அத்தான் சரிசெய்த டிவி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. எனக்கு ஓர் ஆணியை நேராக அடிக்க வராது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் மாட்டிய நாள்காட்டி இடதுபக்கம் சாய்ந்துதான் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துத் தேதி பார்த்துக்கொள்வார்கள். பத்தொன்பது வருடமாக என் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வருடம் பிறந்தால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை அதே ஆணியில், அதே சாய்வில் மாட்டுவாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல மனசு. நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் மெதுவாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவருக்கும் வசதியாக இருக்கும்.

நான் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் எழுதுவார். அதன் ஓரத்தில் ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று எழுதி இன்னொரு பிரிவுக்கு அனுப்புவேன். தண்ணீர் வந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியவராது. முப்பத்தொரு வருடத்தில் என் கையால் ஒரு வீட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை. இதை நான் குறையாக நினைத்ததும் இல்லை, ஐம்பத்து மூன்று வயதில் எனக்குப் பல்வலி வரும்வரைக்கும்.

பல் மருத்துவர் தன் பழைய கட்டடத்தைக் காலிசெய்துகொண்டிருந்தார். நோயாளிகள் உட்காரும் அறையின் மூலையில் அந்த டிவி இருந்தது. அலமாரி மாதிரி இரண்டு கதவு வைத்த மரப்பெட்டி. கதவைத் திறந்தால் உள்ளே உப்பிய கண்ணாடித் திரை, கீழே நான்கு குமிழ்கள். வால்வு டிவி. சிப்பு, டிரான்சிஸ்டர் எல்லாம் வருவதற்கு முந்தியது. உள்ளே கட்டைவிரல் பருமனில் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கும். சுவிட்ச் போட்டால் ஒவ்வொன்றும் செக்கச்செவேலென்று கனன்று சூடேற ஒரு நிமிடம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் படம். அதுவும் கறுப்பு வெள்ளை.

“இது ஓடுமா டாக்டர்?” என்றேன், ஒரு கன்னம் மரத்துப்போன வாயோடு.

“என் அப்பா காலத்துலயே நின்னு போச்சு. வேணும்னா எடுத்துட்டுப் போங்க. நானும் ஆள் தேடிட்டு இருக்கேன்.”

ஏன் எடுத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. பல் பிடுங்கிய வெற்றிடத்தில் ஏதாவது வைக்கவேண்டும் என்று தோன்றியிருக்கலாம்.

அதை இரண்டாவது மாடிக்குத் தூக்கி வந்தது என் மச்சினன். மனைவிக்குத் தம்பி. அவளைவிடப் பதினோரு வயது இளையவன். அவனுக்கு நான்கு வயதில் தாய் தவறிப்போக, இவள்தான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் சாப்பாடு. வேலை, லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு ஆட்களை மேலே ஏற்றி இறக்குகிறவன். எங்கள் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு படியேறும்போது அவனே அதைச் சொல்லிச் சிரித்தான். நான் பின்னால் பெட்டியைத் தாங்குவதுபோல் கையை வைத்துக்கொண்டு வந்தேன்.

“இதுல நிகழ்ச்சி எல்லாம் வருமா?” என்று மனைவி கேட்டாள்.

“இப்ப இருக்கற ஒளிபரப்பை இது வாங்காது.”

“அப்ப எதுக்குங்க?”

“நான் சரி பண்ணப்போறேன்.”

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கணம்தான். பிறகு அவன், “அத்தான் நினைச்சா முடிப்பாருக்கா” என்றான். அவனைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். கேலி பண்ண எல்லாத் தகுதியும் இருந்தும் பண்ணாதவன்.

பின்பக்கம் துணி துவைக்கிற சின்ன அறையைப் பட்டறையாக்கினேன். அங்கே சிமெண்ட் தரை, ஒரு ஜன்னல், சுவரில் இரண்டு பிளக் பாயிண்ட். புத்தகங்கள் வாங்கினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வரைபடங்கள் படித்தேன். முதல் வருடத்தில் நான் சரிசெய்தவை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. பழுதாக்கியவை இரண்டு வால்வு, ஒரு மேஜைவிளக்கு, ஒரு திரைச்சீலை. சால்டரிங் என்று சொல்வார்களே, ஈயத்தை உருக்கி ஒயரைப் பற்றவைப்பது. தெரிந்தவன் வைத்தால் அது ஒரு சொட்டு மாதிரி பளபளவென்று உட்காரும். நான் வைத்தால் யாரோ மென்று மேஜைக்கடியில் ஒட்டிய சூயிங்கம் மாதிரி இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மச்சினன் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவோரம் வந்து நிற்பான். உள்ளே வரமாட்டான். நான் கூப்பிடவில்லையே. ஒருநாள் மட்டும் நான் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பதறிப்போனான்.

“அத்தான், கையை எடுங்க. மெதுவா.”

எடுத்தேன். அன்றைக்குத்தான் அவன் எனக்குப் பாடம் சொன்னது. இந்த மாதிரிப் பழைய பெட்டிகளில் உள்ளிருக்கும் இரும்புத் தகட்டுக்கே நேரடியாக வீட்டு மின்சாரம் வரலாம். வெளியே மரமும் பிளாஸ்டிக் குமிழும் இருப்பதால் பார்க்கிறவர்களுக்கு ஆபத்தில்லை. திறந்து வேலை பார்க்கிறவனுக்குத்தான் ஆபத்து. அதனால் சுவரிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கக்கூடாது. நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்துப் பிரித்துத் தரவேண்டும். அப்போதும் ஒரு கை எப்போதும் சட்டைப்பையில் இருக்கவேண்டும். காலுக்கடியில் ரப்பர் பாய் இருக்கவேண்டும்.

அடுத்த ஞாயிறு மூன்றையும் கொண்டுவந்தான். டிரான்ஸ்பார்மர் அவனே சுற்றியது, தூக்க முடியாத கனம். மேஜைக்கடியில் வைத்தான். ரப்பர் பாயை விரித்தான். மூன்றாவதாக என் இடது கையைப் பிடித்து என் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, “இதை மறந்தாலும் பரவால்ல, மத்த ரெண்டை மறந்துடாதீங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது வருடம் திரையில் ஒரு கோடு வந்தது.

குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு வெள்ளைக் கோடு. படத்தை மேலும் கீழும் விரித்துக்கொடுக்கிற பகுதி வேலை செய்யாவிட்டால் முழுப்படமும் நசுங்கி அப்படி ஒரு கோடாகிவிடும். ஏழு மாதம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகம் விட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு கோட்டின் முன்னால் உட்காருவேன். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

“நேத்தைக்கு இன்னைக்கு கொஞ்சம் தடிச்ச மாதிரி இல்ல?” என்பாள்.

அப்படி ஒன்றும் தடித்திருக்காது. ஆனால் நான் ஆமாம் என்பேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. அலுவலகத்திலிருந்து வந்து பின்பலகையைத் திறந்து பார்த்தால், ஒரு கெபாசிட்டரின் கால் விட்டுப்போய் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக்குக்கூடத் தெரியும். இத்தனை மாதம் இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு சூயிங்கத்தை ஒட்டினேன். சுவிட்ச் போட்டேன். வால்வுகள் சிவந்தன. கோடு வந்தது. பிறகு அந்தக் கோடு, தூக்கத்திலிருந்து கண் விழிப்பதுபோல் மேலும் கீழும் பிரிந்து திறந்தது.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பழைய வீடியோ. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கடற்கரைக்குப் போனபோது எடுத்தது. அதை இந்த டிவிக்குப் புரிகிற விதமாக மாற்றித் தரும் சின்னப் பெட்டியையும் மச்சினன்தான் முன்கூட்டியே தேடிக் கொடுத்திருந்தான். திரையில் கறுப்பு வெள்ளையில் அலை. மச்சினன் முழங்காலளவு தண்ணீரில் ஓடுகிறான். அவன் தோளில் என் மகள், எட்டு வயது, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

நான் கத்தினேன். மனைவி ஓடிவந்தாள். கல்லூரிவிட்டு வந்திருந்த மகள் ஓடிவந்தாள். மகள் கைதட்டினாள். மனைவி அழுதாள். ஐந்தாவது நிமிடம் மச்சினன் வந்து நின்றான். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவன், வேலை நாளில், ஐந்து நிமிடத்தில் எப்படி வந்தான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவனுக்குக் கணக்கு வராது.

“சொன்னேன்ல அத்தான்” என்று என்னைக் கட்டிக்கொண்டான். அவன் சட்டையில் லிஃப்ட் கிரீஸ் வாசம்.

அடுத்த எட்டு மாதம் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கொலையைச் சொல்வதைவிட இது சிரமமாக இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்து வந்து காட்டினேன். எங்கள் மேலதிகாரிக்கு வால்வு எப்படி வேலை செய்கிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவர் பாவம், மகளின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர். அலுவலக மலரில் ‘விடாமுயற்சி’ என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதினேன். ஊழியர் மன்றத்தில் பேசினேன். “பொறுமை இருந்தால் எந்தப் பழுதும் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்” என்று ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தி, ஜன்னல் பக்கம் பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினனிடமே, அவன் எப்படி லிஃப்ட் பழுதை அணுகவேண்டும் என்று சில யோசனைகள் சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“எழுதி வெச்சுக்கறேன் அத்தான்” என்றான்.

எழுதியும் வைத்திருந்தான் ஐயா. அவன் போன பிறகு அவன் பையிலிருந்த சின்ன நோட்டில் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை பெட்டியின் உள்ளே தூசி தட்டிக்கொண்டிருந்தேன், ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால். ஒரு மூலையில் தூசி விலகியது. அங்கே ஒரு பற்றவைப்பு தெரிந்தது. சொட்டு மாதிரி. பளபளவென்று.

அது என்னுடையது இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ பேருக்குத் தங்கள் திறமையை வைத்துத் தங்கள் வேலையை அடையாளம் தெரியும். என்னைப்போல் திறமையின்மையை வைத்து அடையாளம் கண்டவர்கள் குறைவு. படத்தை விரிக்கிற பகுதியில் ஒரு புது ரெசிஸ்டர். அதற்கு இருபக்கமும் இரண்டு அழகான சொட்டுகள். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, என் சூயிங்கம்.

மகள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சாதாரணமாகக் கேட்டேன். எல்லாம் தெரிந்துவிட்டவனைப் போல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். அது எனக்கு அலுவலகப் பழக்கம்.

“ஏம்மா, அன்னைக்கு மாமா வந்து டிவியைப் பாத்தப்ப எத்தனை மணி இருக்கும்?”

அவள் நிமிர்ந்தாள். பிறகு சிரித்தாள். பாரம் இறங்கினவள் மாதிரி. “உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாப்பா? மாமா சொல்லிட்டாரா? மத்தியானம் ஒரு மணி இருக்கும். அம்மாதான் கூப்பிட்டாங்க. நீங்க தூக்கத்துல கோடு கோடுன்னு பேசறீங்கன்னு அம்மாவுக்கு ஒரே பயம். மாமா இருபது நிமிஷத்துல முடிச்சிட்டார்.”

“இருபது நிமிஷம்.”

“முடிச்சிட்டு, உங்களுக்குன்னு ஒரு ஒயரை மட்டும் கழட்டி விட்டுட்டுப் போனார். அத்தானே கண்டுபிடிக்கட்டும், அவர் பட்ட பாடுன்னார். நீங்க கண்டுபிடிக்கற வரைக்கும் மேல மொட்டைமாடிப் படிக்கட்டுலயே உக்காந்திருந்தார். நல்ல மனுஷன்ல மாமா?”

“ரொம்ப நல்லவன்” என்றேன்.

நான் கோபப்படவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். ஒருவன் என்னை ஏமாற்றியிருந்தால் கோபம் வந்திருக்கும். அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கடைசி வாயை அதன் கையிலேயே கொடுத்து, “அட, தானே சாப்பிட்டுட்டான்” என்போமே, அதைத்தான் செய்தார்கள். மனைவி அழுததும் மகள் கைதட்டியதும் அதற்குத்தான். அந்தக் கூடத்தில், தலையைச் சாய்த்துத் தேதி பார்க்கிற அந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்து யோசித்தேன். மேலதிகாரிக்குத் தெரிந்திருக்குமா? மனைவி யாரிடமெல்லாம் சொல்லியிருப்பாள்? ஊழியர் மன்றத்தில் நான் ஜன்னல் பக்கம் பார்த்தபோது முன்வரிசையில் ஒருவர் இருமினாரே, அது இருமல்தானா?

மகளிடம், “எனக்குத் தெரியும்னு அம்மாகிட்டயும் மாமாகிட்டயும் சொல்லிக்காதே, சங்கடப்படுவாங்க” என்றேன். அவள் என்னைப் பெருமையோடு பார்த்தாள். அப்பாவுக்கும் நல்ல மனசு என்று நினைத்திருப்பாள்.

அதன் பிறகு நான்கு மாதம். வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறவும் செய்தேன். மற்ற நேரத்தில் படித்தேன். முன்பு படித்ததெல்லாம் கையால் செய்வதற்காக. அதனால் எனக்கு மண்டையில் ஏறவில்லை. இப்போது படித்தது வேறு விஷயத்துக்காக. ஒவ்வொரு வரியும் தெளிவாகப் புரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரைபடத்தைப் பார்த்து, மின்சாரம் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது. அது ஒரு நிம்மதியான காலம் என்றே சொல்லவேண்டும்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. மனைவிக்கும் மகளுக்கும் அன்று மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை இருந்தது. புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்கவேண்டும். அவர்கள் கிளம்புவதற்கு முன்பே நான் பட்டறையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். ரப்பர் பாயை சோப்புப் போட்டுக் கழுவி, மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்தேன். மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“என்ன இது அதிசயம். கல்யாணம் ஆகி இருபத்து மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் துடைப்பத்தைக் கையில பாக்கறேன்.”

“அழுக்கா இருக்கு. தம்பி வர்றான் இல்ல.”

“அவன் வர்றானா?”

“நான்தான் கூப்பிட்டேன். படம் கொஞ்சம் குட்டையாத் தெரியுது. எனக்குப் பிடிபடலை.”

அவள் அங்கேயே நின்றாள். அவள் முகத்தில் வந்தது என்ன என்று சொல்ல எனக்கு வார்த்தை போதாது. நான் யாரிடமும் உதவி கேட்டு அவள் பார்த்ததில்லை. கிட்டே வந்து என் நெற்றியில் இருந்த சோப்பு நுரையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் போனதும் மற்ற வேலைகளைச் செய்தேன். மேஜைக்கடியில் டிரான்ஸ்பார்மரை ஓடவிட்டேன், அது எப்போதும்போல் ‘உம்’ என்று முனகிக்கொண்டிருந்தது. ஆனால் டிவியின் ஒயரை அதிலிருந்து எடுத்து, மேஜைக்குப் பின்னால் கொண்டுபோய், சுவரில் செருகினேன். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினால் உள்ளே தகட்டில் மின்சாரம் ஏறுமோ அந்தப் பக்கம். படத்தின் உயரத்தைச் சரிசெய்கிற குமிழ் பெட்டியின் பின்பக்கம் உள்ளே இருக்கிறது. அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மீதி நின்றது விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். மின்சாரம் இருக்கிறது என்று அதன் சின்ன விளக்கு எரிந்தது. எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். கை நடுங்கவில்லை. சால்டரிங் பிடிக்கும்போதெல்லாம் நடுங்குகிற அதே கைதான்.

மூன்று மணிக்கு வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“நீங்க போன் பண்ணதும் சீனியர்கிட்ட சொல்லிட்டு ஓடி வந்துட்டேன் அத்தான். எங்க அத்தான் கூப்பிடறார், லிஃப்ட் அப்புறம் பாத்துக்கலாம்னேன்.”

“உன் வேலையைக் கெடுத்துட்டேன்.”

“ஐயோ, நீங்க கூப்பிட்டதே போதும்.”

படம் ஓடிக்கொண்டிருந்தது. அதே கடற்கரை. உயரத்தை நானே குறைத்து வைத்திருந்தேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை. அவன் ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டான். ஆனால் உடனே சொல்லவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு, “கஷ்டமான கேஸாத்தான் இருக்கும்போல” என்றான். என் மனம் நோகக்கூடாது என்று.

“பின்னாடி அந்தக் குமிழ் உடைஞ்சுபோச்சு. தண்டைக் கையாலதான் திருகணும். எனக்கு விரல் போகலை” என்றேன்.

அவன் பின்னால் போனான். இடது கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கையைப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஈரத் தரையில் நிற்கிற காலை எங்கே வைப்பது என்று அந்தப் பாடத்தில் இல்லை. வலது கையால் சட்டையில் செருகியிருந்த டெஸ்டரை எடுத்தான்.

அந்த இடத்தை மட்டும் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. லிஃப்டில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன், தொடுவதற்கு முன் டெஸ்டர் வைக்காமல் இருக்கமாட்டான் என்பது எனக்குத் தோன்றாமல் போயிருந்தது. என்னுடைய மற்ற வேலைகளைப் போலவே இதிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இல்லை, அதை எழுதவேண்டாம். அது உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை.

“டிரான்ஸ்பார்மர்லதானே ஓடுது அத்தான்?” என்றான்.

“ஆமா” என்றேன்.

அவன் மேஜைக்கடியில் அந்த முனகலைக் கேட்டான். என்னைப் பார்த்தான். பிறகு டெஸ்டரைத் திரும்பவும் சட்டையில் செருகிக்கொண்டான். என் வார்த்தையை என் எதிரிலேயே சோதித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கவேண்டும். அவன் அப்படிப்பட்டவன்தான்.

சத்தம் எதுவும் பெரிதாக இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுவிட்ச் எனக்குக் கை எட்டும் தூரம். நூற்றிருபதுவரை எண்ணினேன். பிறகு இன்னொரு அறுபது எண்ணினேன். திரையில் அவன் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தான். மின்சாரம் அந்த வழியாகப் போனதில் படம் ஒருமுறை குலுங்கிவிட்டு நிலைத்தது. அப்போதும் குட்டையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மின் ஆய்வாளர் வந்தார். டிரான்ஸ்பார்மர் சும்மா ஓடுகிறது, டிவி சுவரில் செருகியிருக்கிறது, குமிழ் இல்லை, தரை ஈரம், ரப்பர் பாய் மாடியில் காய்கிறது. இத்தனையும் ஒரே மத்தியானத்தில் தற்செயலாக நடக்குமா ஐயா? ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவர் என் பற்றவைப்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, “இந்த மாதிரி வேலையெல்லாம் தெரிஞ்சவங்க செய்யணும் பெரியவரே” என்றார்.

சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “ஒண்ணும் தெரியாத மனுஷன், பாவம்” என்று கதவுக்கு வெளியே பேசிக்கொண்டார்கள். மகள் என்னைவிட்டு நகரவேயில்லை. ஒரு மாதம் கழித்து மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் தலை பாதி நரைத்திருந்தது.

“நான்தான் அவனைக் கொன்னேன்” என்றேன்.

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“தெரியாம செஞ்சது செஞ்சதாகுமா? உங்களுக்கு அதெல்லாம் எங்கேங்க தெரியும். அவனே இருந்தா உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டான்.”

“இல்ல. தெரிஞ்சுதான் செஞ்சேன். ஒயரை மாத்தினேன்.”

“சரி சரி. போட்டுக் குழப்பிக்காதீங்க. எந்த ஒயர் எதுக்குன்னு உங்களுக்கு என்னைக்குப் பிடிபட்டிருக்கு?” அதை அவள் அழுதுகொண்டே, அன்பாகத்தான் சொன்னாள்.

போன வாரம் மின் ஆய்வாளரின் அறிக்கை நகல் தபாலில் வந்தது. நேற்று நான் உங்களிடம் வந்தேன். நீங்களும் எழுந்து நின்று, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றீர்கள். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்தீர்கள். அதனால்தான் இன்று எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னேன். குமிழ் என் மேஜை இழுப்பறையில், இடதுபக்கம், குண்டூசி டப்பாவில் இருக்கிறது. வரைபடத்தில் நான் சிவப்புப் பேனாவால் குறித்திருக்கிறேன், மின்சாரம் போகும் வழியை. கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற யாரிடமாவது காட்டுங்கள். ஒரு கோடு பிசகியிருந்தால் என்னை விட்டுவிடுங்கள்.

நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சிதான் ஐயா, வேறென்ன. அவனை நினைக்காத நாளில்லை. தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன், வக்கீல்கூட வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அறிக்கையின் நான்காவது பத்தியில், ‘உரிமையாளரின் அறியாமையால் நேர்ந்த விபத்து’ என்று இருக்கிறது. விபத்து என்பதை நீங்கள் எப்படியும் அடித்துவிடுவீர்கள். அறியாமை என்பதையும் சேர்த்து அடித்துவிடுங்கள்.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும்? இங்கேயா? சரி.

மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அழுவாள், அழட்டும். அழுது ஓய்ந்த பிறகு, எந்த ஒயரும் தவறிப்போய் மாறவில்லை, எல்லாம் நான் நினைத்தபடியே, முதல் தடவையிலேயே சரியாக வேலை செய்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவளுக்கு அது ஓர் ஆறுதலாக இருக்கும்.